வில்லிவாக்கம் குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2020–21

தலைவர் அவர்களுக்கும், இடைவெளி விட்டு உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். மண்டபத்தில் நடக்க வேண்டிய பொதுக்குழுவை இந்த ஆண்டு மொட்டை மாடியில் கூட்டியிருக்கிறோம். பேச எழுந்திருப்பவர்கள் முகக்கவசத்தை இறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நானும் அதைப் போட்டுக்கொண்டேதான் வாசிக்கிறேன். பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்றால் கையைத் தூக்குங்கள்.

தெருவிளக்கு, சாலை பற்றிய கடிதங்கள் கோப்பில் உள்ளன. நவம்பரில் நிவர் புயல் வருவதற்கு முன்பே வடிகாலைத் தூர்வார வைத்ததால் வீடுகளுக்குள் தண்ணீர் வரவில்லை. பொங்கல் விளையாட்டுப் போட்டி நடத்தவில்லை. மற்றபடி இந்த ஆண்டு சங்கம் செய்த வேலை எல்லாம் கொரோனா ஊரடங்கைச் சுற்றியதுதான்.

2020 மார்ச் 25-இல் ஊரடங்கு தொடங்கிய சில நாட்களிலேயே, “ஜனங்க அடங்க மாட்டாங்க, போலீஸ் நாலு போட்டாத்தான் சரிப்படும்” என்ற பேச்சு நம் உறுப்பினர்களிடையே எழுந்தது. யார் எதற்காக வெளியே வருகிறார்கள் என்று முதலில் பார்ப்போம் என்று செயற்குழு முடிவு செய்தது. பார்த்தபோது பெரும்பாலும் தண்ணீர், பால், ரேஷன், மாத்திரை, காய்கறிக்காகத்தான் வந்தார்கள். பின்தெருவில் ஒரு அம்மா குடத்தோடு நின்றபடி என்னிடம் கேட்டார்: “சார், தொட்டி தெருமுனையில கீது. வூட்லயே இருன்னா எப்டி இருக்கறது?” மெட்ரோ வாட்டர் என்கிற குடிநீர் வாரியத்தின் தண்ணீர் லாரி எப்போது வரும் என்று தெரியாததால் பத்துப் பதினைந்து பேர் காலையிலிருந்தே தொட்டியைச் சுற்றி நெருக்கியடித்து நின்றார்கள். அதிகாரிகளிடம் பேசி லாரிக்கு நேரம் வாங்கினோம். வீட்டு வரிசைப்படி அழைத்துத் தண்ணீர் பிடிக்க வைத்தோம். யாரையும் அதட்டாமலே கூட்டம் கரைந்தது.

ஏப்ரல் 26 முதல் 29 வரை சென்னையில் முழு ஊரடங்கு என்று அறிவித்தபோது நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். முந்தைய நாள் சனிக்கிழமை நகரம் முழுக்கக் கடைகளில் ஜனம் மொய்த்தது. நான்கு நாள் விலகி இருப்பதற்காக ஒரு காலைப் பொழுதில் எல்லோரும் இடித்துக்கொண்டு நின்றார்கள். அதைப் பொறுப்பின்மை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் இரண்டு நாள் அரிசி மட்டும் இருப்பவர் வேறு என்ன செய்வார்? ஜூன் 19-இல் மறுபடி முழு ஊரடங்கு வந்தபோது, மளிகைக் கடைக்காரர்களிடம் முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம். சீட்டு எழுதிக் கொடுத்தால் நம் தம்பிகள் பொருளை வாசலில் வைத்துவிட்டு வந்தார்கள். அரசின் 1,000 ரூபாய் நிவாரணமும் அந்த முறை வீடு தேடி வந்தது. ஏப்ரலில் டோக்கன் இருந்தும் ரேஷன் கடையில் நின்ற கூட்டம் ஜூனில் இல்லை.

தொற்று பரவிய கோயம்பேடு காய்கறிச் சந்தை நமக்குப் பக்கம் என்பதால் பயமும் நமக்குத்தான் அதிகம். மே 5-இல் சந்தையை மூடி மொத்த வியாபாரத்தை நகரத்துக்கு வெளியே திருமழிசைக்கு மாற்றியதும், விடியற்காலையில் தள்ளுவண்டியில் காய் கொண்டுவந்து பிழைத்த நம் தெரு வியாபாரிகளுக்குப் பிழைப்பே போனது. அவர்களைத் தெருவுக்குள் விடக் கூடாது என்று சிலர் கையெழுத்து வாங்கினார்கள். செயற்குழு அதை ஏற்கவில்லை. அவர்களைப் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றது, முடிவு வரும் வரை அரிசியும் பருப்பும் கொடுத்தது.

முகக்கவசத்துக்கு வருகிறேன். ஏப்ரல் நடுவில் மாநகராட்சி அதைக் கட்டாயமாக்கியபோது மருந்துக்கடையில் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் விலை எட்டவில்லை. மூன்றாவது தெருவில் ஜாக்கெட் தைக்கும் அக்கா தைத்துத் தர முன்வந்தார். எலாஸ்டிக் எங்கும் இல்லை. லைனிங் துணியைக் கிழித்து நாடா தைத்தார். முதலில் தைத்தது மூன்று மடிப்பு, கெட்டித் துணி. மீன்பாடி வண்டி மிதிப்பவரும் மூட்டை தூக்குபவரும் கொஞ்ச நேரத்தில் அதை மூக்குக்குக் கீழே இறக்கிவிட்டார்கள். கேட்டதற்கு, “மூச்சு முட்டுதுக்கா” என்றார்கள். மெல்லிய பருத்தியில் இரண்டு மடிப்பாக மாற்றி, மூக்குத் தண்டில் அழுந்த ஒரு மெல்லிய கம்பியும் வைத்துத் தைத்தார். கண்ணாடி போட்டவர்களுக்கு ஆவி படிவதும் குறைந்தது. அதன் பிறகு வண்டி மிதிப்பவரும் மூட்டை தூக்குபவரும் முகக்கவசத்தைக் கீழே இறக்கிவிடவில்லை. ஆளுக்கு இரண்டு கொடுத்தோம், ஒன்றைத் துவைத்துக் காயப்போட்டால் மற்றது கையில் இருக்க வேண்டும் என்பதற்காக.

சொல்லிக் கேட்க வைக்கச் சிரமப்பட்டது படித்தவர்களிடம்தான். இதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன். மாலையில் பிள்ளையார் கோயில் திண்ணையில் கூடி, தாடையில் முகக்கவசத்தைத் தொங்கவிட்டுப் பேசியவர்களில் இந்தச் சங்கத்தின் மூத்த உறுப்பினர்களும் உண்டு. செப்டம்பரில் 200 ரூபாய் அபராதம் வந்த பிறகு எல்லோர் சட்டைப்பையிலும் முகக்கவசம் ஏறியது. போலீஸ் வண்டி தெரிந்தால் முகத்துக்கு வந்தது, போனால் பைக்குத் திரும்பியது. அடைத்த அறையில் பக்கத்தில் உட்கார்ந்து பேசும்போதுதான் தொற்று சுலபமாகப் பரவுகிறது. அந்த இடத்துக்கு எந்தப் போலீஸும் வருவதில்லை.

வீட்டு வேலைக்கு வரும் பெண்களின் சம்பளம் பற்றிச் செயற்குழுவில் கடும் வாக்குவாதம் நடந்தது. வராத மாதத்துக்கும் கொடுக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டோம், பல வீடுகள் கொடுத்தன. கொடுக்காத வீடுகளில் வேலை செய்தவர்கள்தான் ஊரடங்கின் நடுவே வேறு வேலை தேடி அலைந்தார்கள். திரும்ப வந்தவர்களை லிஃப்டில் ஏறக் கூடாது என்று சொன்ன குடியிருப்பிடம் சங்கம் எழுத்து மூலம் எதிர்ப்புத் தெரிவித்தது, அந்த அறிவிப்பும் எடுக்கப்பட்டது.

தொற்று வந்த வீட்டு வாசலை மாநகராட்சி தகரம் அடித்து அடைத்தபோது பால் பாக்கெட்டை மேலே தூக்கிக் கொடுத்தோம். அந்தத் தகரத்தைப் பார்த்தே காய்ச்சலை மறைத்தவர்கள் உண்டு. தெர்மாமீட்டரோடு வந்த மாநகராட்சிப் பெண்களிடம் “யாருக்கும் ஒன்றுமில்லை” என்று சொன்ன ஒரு வீட்டில் பெரியவர் மூச்சுத் திணறித்தான் மருத்துவமனைக்குப் போனார். பிழைத்து வந்தார். வராதவர்களும் இருக்கிறார்கள். இறுதிச் சடங்குக்கு 20 பேருக்கு மேல் கூடாது என்பதால் அவர்களுக்கு நாம் முறையாக விடைகொடுக்கக்கூட முடியவில்லை. இந்த அறிக்கை முடிந்ததும் ஒரு நிமிடம் எழுந்து நிற்போம்.

தொற்று மறுபடி ஏறுகிறது. தேர்தல் பிரச்சாரத்தின்போது நம் தெருவிலேயே முகக்கவசம் இல்லாத கூட்டத்தைப் பார்த்தோம். 2021 ஏப்ரல் 1 முதல் 45 வயது கடந்த எல்லோருக்கும் தடுப்பூசி உண்டு. நடக்க முடியாத பெரியவர்களை ஆட்டோவில் அழைத்துச் செல்லச் சங்கம் ஏற்பாடு செய்கிறது, பெயரை இன்றே கொடுங்கள். தண்ணீர் நேரம், வாசலில் மளிகை, பணிப்பெண்களுக்குச் சம்பளம் ஆகியவற்றை அடுத்த ஊரடங்கு அறிவிப்புக்குக் காத்திராமல் இப்போதே தயார் செய்யும் தீர்மானத்தை உங்கள் முன் வைக்கிறேன். அதற்கான நிதி விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்