‘சர்ச்சைப் பாடகி’ன்னு போட்டது சரியில்ல சார்

ஆசிரியர் சாருக்கு வணக்கம். நான் நாகர்கோவில்காரி, அஞ்சு வருஷமா அயர்லாந்துல டிப்பரேரி கவுண்டியில நீனாங்கற சின்ன டவுன் பக்கத்துல ஒரு முதியோர் இல்லத்துல நர்சா இருக்கேன். உங்க பத்திரிகைய எங்க அக்கா பக்கம் பக்கமா போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புவா, நைட் டியூட்டி முடிஞ்சு வந்து படிப்பேன். 2023 வருஷக் கடைசி இதழும் அப்படித்தான் வந்துச்சு. அதுல ‘மறைந்தவர்கள்’ பக்கத்துல ஓரமா ஷினேட் ஓ’கானர்ங்கற அயர்லாந்துப் பாடகியோட ஒரு சின்ன படம், கீழ அவங்க பேரும் ‘போப் படத்தைக் கிழித்த சர்ச்சைப் பாடகி’ன்னு ஒரே வரியும். பாத்ததும் மனசு ரொம்ப கஷ்டமாயிருச்சு, அதான் இந்த லெட்டர்.

கிழிச்சாங்க, உண்மைதான். 1992 அக்டோபர் 3, அமெரிக்கால ஒரு லைவ் டிவி நிகழ்ச்சி, வாத்தியம் எதுவும் இல்லாம பாப் மார்லி பாட்டு ஒண்ண பாடிட்டு ரெண்டாம் ஜான் பால் போப்போட படத்த கேமரா முன்னாடி கிழிச்சாங்க. ரெண்டே வாரத்துல நியூயார்க்ல ஒரு கச்சேரி மேடைல நிக்க விடாம கூட்டமே கூச்சல் போட்டுச்சு. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடிதான் உலகம் பூரா அவங்க பாட்டு நம்பர் ஒன். சர்ச்சைன்னு எழுதுறவங்க இந்த இடத்துலயே நிறுத்திடறாங்க. ஏன் கிழிச்சாங்கன்னு கேட்டாத்தானே விஷயம்? சர்ச் நடத்தின இடங்கள்ல குழந்தைங்களுக்கு நடந்த கொடுமைய மூடி மறைக்கறாங்கன்னு சொல்லத்தான் கிழிச்சாங்க. அப்போ யாரும் நம்பல. 2009-ல அயர்லாந்து அரசாங்கம் போட்ட கமிஷனோட ரிப்போர்ட்டே வந்துச்சு, அந்த பொண்ணு சொன்னது அத்தனையும் அதுல இருக்கு.

அவங்களே அப்படி ஒரு இடத்துல இருந்தவங்கதான் சார். பதினாலு பதினஞ்சு வயசுல கடையில திருடுனாங்கன்னு டப்ளின்ல டிரம்காண்ட்ரா பக்கம் கன்னியாஸ்திரிங்க நடத்தின ஒரு இல்லத்துல கொண்டு விட்டாங்க. அதே காம்பவுண்டுக்குள்ளதான் மேக்டலின் சலவைக்கூடம் ஒண்ணு இருந்துச்சு, கல்யாணம் ஆகாம குழந்தை பெத்தவங்க, வீட்டுக்கு வேண்டாதவங்கன்னு பொண்ணுங்கள அடைச்சு வச்சு சம்பளம் இல்லாம ஊர்த் துணி துவைக்க வச்ச இடம். படம் கிழிச்ச அடுத்த வருஷம், 1993-ல, அந்த நிலத்துல ஒரு பகுதிய வித்தாங்க, அங்க புதைச்சிருந்தவங்கள எடுத்து வேற இடம் மாத்த தோண்டினா எதிர்பார்த்தத விட அதிகமா, மொத்தம் 155 பொண்ணுங்களோட உடம்பு, பல பேருக்கு இறப்புச் சான்றிதழே கிடையாது, சிலருக்கு முழுப் பேர் கூட எழுதி வைக்கல. கடைசி சலவைக்கூடம் மூடினது 1996-ல. அரசாங்கம் பார்லிமெண்ட்ல மன்னிப்பு கேட்டது 2013 பிப்ரவரில. ‘சர்ச்சை’ன்னு ஒரே வார்த்தை போட்டா இதெல்லாம் அதுக்கடியில போயிடுது.

பேர் இல்லாம புதைக்கறது இந்த ஊர்ல எவ்ளோ பெரிய விஷயம்னு இங்க இருந்து பாத்தாதான் புரியும். இங்க உள்ளூர் ரேடியோல தினமும் இறந்தவங்க பேர வாசிப்பாங்க. நியூஸ் மாதிரி டைம் வச்சு. பேரு, பொண்ணுங்கன்னா பொறந்த வீட்டு குடும்பப் பேரும், எந்த ஊரு, அந்த ஊர்ல எந்த கிராமம், எங்க உடம்ப பார்க்கலாம், எத்தன மணிக்கு பூசை, எந்த கல்லறை. எங்க இல்லத்துல காலைல கஞ்சி குடுக்கற நேரத்துல அது வரும், வந்ததும் ஸ்பூன் சத்தம் கூட நின்னுடும். சேர்ந்தாப்ல ரெண்டு வார்த்தை பேச முடியாத மறதி நோய்க்காரங்க கூட தெரிஞ்ச பேர் வந்தா தலைய தூக்கி சிலுவை போட்டுக்குவாங்க. ஆரம்பத்துல எனக்கு இது அபசகுனமா பட்டுச்சு, காலங்காத்தால சாவுச் செய்தியான்னு. இப்போ நானே வேலைய நிறுத்திட்டு கேக்குறேன்.

இப்படி ஒவ்வொரு பேரையும் வாசிக்கற நாட்டுலதான் டூவம்னு ஒரு ஊர் இருக்கு, கால்வே கவுண்டில. அங்க கல்யாணம் ஆகாம குழந்தை பெத்தவங்களுக்குன்னு கன்னியாஸ்திரிங்க நடத்தின தாய்-சேய் இல்லத்துல 1925-லருந்து 1961 வரைக்கும் 796 குழந்தைங்க செத்திருக்கு, எங்க புதைச்சாங்கன்னு ஒரு பதிவும் இல்ல. இத கண்டுபிடிச்சது போலீஸ் இல்ல, யூனிவர்சிட்டி இல்ல, கேத்தரின் கோர்லெஸ்னு அந்த ஊர்லயே இருந்த ஒரு அம்மா, உள்ளூர் வரலாறு எழுதறவங்க, ஒவ்வொரு இறப்புச் சான்றிதழா காசு கட்டி வாங்கி லிஸ்ட் போட்டாங்க. 2017-ல பழைய கழிவுத் தொட்டி இருந்த இடத்துல குழந்தைங்க எலும்பு இருக்குன்னு இந்த இல்லங்கள விசாரிக்க அரசாங்கம் போட்ட இன்னொரு கமிஷன் உறுதி பண்ணுச்சு. தோண்டி எடுத்து அடையாளம் பாத்து முறையா அடக்கம் பண்ண 2022-ல சட்டம் போட்டாங்க, அந்த வேலைக்கு டைரக்டர நியமிச்சதே 2023 மே மாசந்தான். 2023 முடியற வரைக்கும் மண்ணு தோண்டல. உங்க அயர்லாந்து செய்தில இது ஒரு வரி கூட இல்லையே சார்?

2023 ஜூலை 26 ஷினேட் போனாங்க, 56 வயசு. ஒன்றரை வருஷம் முன்னாடிதான் பதினேழு வயசுப் பையன பறிகொடுத்திருந்தாங்க. ஆகஸ்ட் 8 ப்ரேங்கற ஊர்ல கடற்கரை ரோடுல அவங்க உடம்ப கொண்டு போனப்போ நாங்க டிவில பாத்தோம். ரோடு ரெண்டு பக்கமும் ஜனம், வேன் ஒண்ணுல ஸ்பீக்கர் கட்டி பாப் மார்லி பாட்டு போட்டுகிட்டு முன்னாடி போகுது, எல்லாரும் கைதட்டி பூவ கார் மேல போடறாங்க. முஸ்லிமா மாறியிருந்ததால இமாம் தொழுகை நடத்தினார், ஜனாதிபதி ஹிக்கின்ஸ், பிரதமர் வரத்கர் ரெண்டு பேரும் வந்திருந்தாங்க. எங்க இல்லத்துல 91 வயசு பாட்டி ஒருத்தங்க, தினம் ரெண்டு வேளை ஜெபமாலை சொல்றவங்க, அவங்க கோபப்படப் போறாங்களோன்னு சேனல மாத்தப் போனேன், கைய புடிச்சு நிறுத்திட்டாங்க. கார் கண்ண விட்டு மறையற வரைக்கும் பாத்துட்டு, ‘அந்தப் படம் எங்க வீட்டு சமையக்கட்டுலயும் மாட்டியிருந்துச்சு’ன்னாங்க. அவ்ளோதான், வேற எதுவும் சொல்லல, நானும் கேக்கல.

அதே இதழ்ல அயர்லாந்து செய்தின்னு நீங்க அரைப்பக்கம் போட்டது நவம்பர் 23 டப்ளின் கலவரம். அத போடக்கூடாதுன்னு சொல்லல, ஸ்கூல் வாசல்ல குழந்தைங்கள கத்தியால குத்தினதும், அத சாக்கா வச்சு வெளிநாட்டுக்காரங்களுக்கு எதிரா கிளம்பி டிராம், பஸ், போலீஸ் கார்னு கொளுத்தினதும் நடந்ததுதான். அன்னிக்கு ராத்திரி டப்ளின்ல வேலை பாக்கற நம்ம பிள்ளைங்க எப்படி வீடு போறதுன்னு தெரியாம குரூப்ல மெசேஜ் போட்டுகிட்டே இருந்தாங்க, நானும் தூங்கல. ஆனா குத்தினவன ஹெல்மெட்டால அடிச்சு சாய்ச்சது பிரேசில்லருந்து வந்த ஒரு டெலிவரி பையன், அவருக்கு ‘ஒரு பியர் வாங்கிக் குடுப்போம்’னு ஜனங்க சேர்த்த காசு மூணு லட்சம் யூரோவ தாண்டுச்சு. இந்த நாட்டுல இப்போ அஞ்சுல ஒருத்தர் வெளிநாட்டுல பொறந்தவங்க, சென்சஸ்லயே இருக்கு. இதையும் சேர்த்து போட்டாத்தானே முழுச் செய்தி.

ஒரே வாரத்துல, நவம்பர் 30, ஷேன் மெகவன் போனார். இவர் பேர் உங்க பக்கத்துலயே இல்ல. போக்ஸ் குழுவோட பாடகர், இங்க கிறிஸ்துமஸ் வந்தா எந்த கடைக்குள்ள போனாலும் 1987-ல வந்த அவர் பாட்டு ஓடும். அவரு பொறந்ததே இங்கிலாந்துலதான், பொழைக்கப் போன அயர்லாந்து குடும்பத்துப் பிள்ளை, சின்ன வயசுல அம்மா ஊரான இந்த டிப்பரேரில வளந்தவர். டிசம்பர் 8 டப்ளின் தெருவுல குதிரை வண்டில கொண்டு போய், அப்புறம் எங்க நீனாவுக்கு கொண்டு வந்தாங்க. எனக்கு அன்னிக்கு ஆஃப், ரோட்டோரம் நின்னேன். குளிரு, இருட்டு வேற சீக்கிரம் கட்டுது, ஒருத்தரும் வீட்டுக்குப் போகல. கோயில் உள்ள அந்த கிறிஸ்துமஸ் பாட்ட பாடினப்போ அவர் வீட்டாளுங்க பெட்டி பக்கத்துலயே எந்திரிச்சு ஆடினாங்க, வெளிய நின்ன நாங்க எல்லாம் கூட சேர்ந்து பாடினோம், எனக்கு பாதி வரிதான் தெரியும். எங்க ஊர்ல சாவு வீட்ல பறை அடிச்சு ஆடறத பாத்து வளந்தவ நான், அதனால எனக்கு ஆச்சரியமா இல்ல, ஆனா அழுகை வந்துருச்சு.

ஜூன்ல டப்ளின் ஃபிங்லஸ்காரர், பாடகர் கிறிஸ்டி டிக்னம் போனப்பவும் ஊரே தெருவுல நின்னு பாடுச்சு. ஆகஸ்ட்ல குளோன்மெல்ங்கற டவுன்ல, பிளஸ் டூ மாதிரி இங்க உள்ள பரீட்சை ரிசல்ட் வந்த அன்னிக்கு ராத்திரி, கொண்டாடப் போன நாலு இளசுங்க ஒரே கார் விபத்துல செத்துப் போயிடுச்சுங்க. அந்த வாரம் ரேடியோல அந்த பேருங்கள வாசிச்சப்போ எங்க கிச்சன்ல வேலை பாக்கறவங்க எல்லாம் வெளிய வந்து நின்னு கேட்டாங்க. 

நான் கேக்கறது பெருசா ஒண்ணுமில்ல சார். அடுத்த இதழ்ல ஒரு திருத்தம் போடுங்க. ‘சர்ச்சை’ய எடுத்துட்டு எதுக்காக கிழிச்சாங்கன்னு ஒரு வரி போதும். அப்புறம் பேரு, நீங்க ‘சினியாட்’னு போட்டிருக்கீங்க, இங்க ஷினேட்னுதான் சொல்லுவாங்க, ஷினேட் ஓ’கானர். போன மாசம் எங்க இல்லத்து தாத்தா ஒருத்தர் பேர ரேடியோல தப்பா வாசிச்சுட்டாங்க, அவர் மக போன் போட்டு சொன்னதும் சாயங்காலமே மறுபடி சரியா வாசிச்சாங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
நீனா, அயர்லாந்து