படத்தில் இருந்தது அரித்தா அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் ஜப்பான் மண்பாண்டங்களைப் பற்றி வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். 'அரித்தா பீங்கான்' என்று கீழே எழுதிப் போட்டிருந்த படத்தில் இருந்தது பீங்கானே அல்ல, பிசென் என்ற வகை மண் ஜாடி. இதற்கெல்லாமா கடிதம் என்பீர்கள். பிசென் இருக்கிற ஒகயாமா மாகாணத்தில் 9 வருடமாகக் குடியிருக்கிறேன், சும்மா இருக்க முடியவில்லை.

பிசென் பாண்டத்துக்குப் பளபளப்புப் பூச்சே கிடையாது. நெல்வயலுக்கு அடியிலிருந்து தோண்டும் இரும்புச் சத்துள்ள களிமண்ணில் செய்து, பைன் விறகைப் போட்டு 10 நாளுக்கு மேல்கூட இரவு பகலாகச் சுடுவார்கள். நிறமெல்லாம் தீயும் சாம்பலும் கொடுப்பதுதான். ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க வைக்கோலைச் சுற்றி அடுக்குவார்கள். வைக்கோல் பட்ட இடத்தில் சிவப்புக் கோடு விழும். அதற்கு ஹிதாசுகி என்று பெயர். முதன்முதலாக வாங்கிய குவளையில் அதைக் கறை என்று நினைத்து அரை மணி நேரம் தேய்த்தேன். பக்கத்து வீட்டுப் பாட்டி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

சரி, படம் மாறுவது சகஜம். எனக்கு உறுத்தியது வேறு. அரித்தா, ஹாகி, சத்சுமா என்ற மூன்று பாண்ட வகைகளையும் 'வெளிக்கலப்பே இல்லாத ஜப்பானியக் கலை' என்று கட்டுரையாளர் எழுதிவிட்டார். 1592 முதல் 1598 வரை அன்று ஜப்பானை ஆண்ட ஹிதெயோஷி கொரியாமீது படை அனுப்பியபோது, அதில் போன பிரபுக்கள் அங்கிருந்த குயவர்களைத் தங்கள் ஊர்களுக்குக் கொண்டுவந்தார்கள். பெரும்பாலோர் கைதிகள். இந்த மூன்றும் அவர்கள் மூட்டிய சூளைகளில் பிறந்தவை. அரித்தாவில் பீங்கான் செய்ய உதவும் கல்லைக் கண்டுபிடித்தவர் யி சாம்-பியோங் என்ற கொரியக் குயவர், ஆண்டு 1616 என்று அந்த ஊர்க்காரர்களே சொல்கிறார்கள். அங்கே தோசான் கோயிலில் அவரையும் தெய்வமாக வைத்திருக்கிறார்கள். கோயில் தோரணவாயில்கூடப் பீங்கான்தான்!

என் பிசெனும் இதில் தப்பாது. அதற்கு மூதாதையான சுயெ பாண்டமும், மலைச்சரிவில் குடைந்த சூளையும் 5-ஆம் நூற்றாண்டு வாக்கில் கொரியாவிலிருந்து வந்தவையே.

அடுத்த ஞாயிறு படத்துக்கு ஒரு திருத்தம் போடுங்கள். கூடவே அந்தக் குயவர்களைப் பற்றி இரண்டு வரி சேர்த்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ஒகயாமா, ஜப்பான்