சிவகங்கைப் பூங்காவை ஒட்டி ஒரு பளிங்குச் சிற்பம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தஞ்சைச் சுற்றுலா பற்றிய கட்டுரையில் பெரிய கோயில், அரண்மனை, சரசுவதி மகால் எல்லாம் வந்துவிட்டன. சிவகங்கைப் பூங்காவுக்கும் ஒரு பத்தி கிடைத்திருக்கிறது. அதை ஒட்டியே நிற்கும் சுவார்ட்ஸ் தேவாலயம்தான் விடுபட்டுப்போனது. உள்ளே இருக்கும் பளிங்கு நினைவுச் சிற்பத்துக்காகவாவது அதைச் சேர்த்திருக்கலாம்.

செதுக்கியவர் ஜான் பிளாக்ஸ்மேன். லண்டன் புனித பால் பேராலயத்தில் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சனுக்கு நினைவுச் சின்னம் செய்தவர் அவரேதான். 1787 முதல் 1794 வரை ரோமில் தங்கிப் பழைய கிரேக்க, ரோமானியச் சிற்பங்களில் ஊறியவர். அந்தப் பாணியில் துக்கம் என்றால் பெரும்பாலும் முக்காடு போட்ட பெண் ஒருத்தி தாழியின் மேல் சாய்ந்திருப்பாள். இங்கே அதெல்லாம் இல்லை. மரணக் கட்டிலில், தஞ்சையில் பணியாற்றிய ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் பாதிரியார் படுத்திருக்கிறார். அவர் கையைப் பிடித்தபடி தலைப்பாகையுடன் சரபோஜி. தலைமாட்டில் சக மிஷனரியான கெரிக்கே பாதிரியார். பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள். யாரும் கதறவில்லை. இந்தியாவுக்கே வராத சிற்பி, தஞ்சாவூர் அரச உடையைக் கிரேக்க அங்கியாக மாற்றாமல் விட்டாரே, அதற்கே அவரைப் பாராட்டலாம்.

ஒரு சின்னத் திருத்தமும் உண்டு. 'மன்னர் வந்து பார்த்த காட்சி' என்றுதான் இதை எல்லோரும் சொல்கிறார்கள். சுவார்ட்ஸ் இறந்தது 1798 பிப்ரவரி 13-ல். சரபோஜி அரியணை ஏறியது அதே ஆண்டில், சில மாதங்கள் கழித்து. ஆக, கட்டிலருகே நிற்பவர் இன்னும் பட்டம் சூடாத இளவரசர். அந்தப் பட்டத்துக்கான உரிமையையும் உயிரையும் காப்பாற்றப் பாடுபட்டவர்தான் படுக்கையில் கிடப்பவர்.

மிஷனரிகள் தங்கள் பெருமைக்கு வைத்துக்கொண்டது என்று சிலர் இதை ஒதுக்கிவிடுவார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி தன் பங்குக்குச் சென்னைக் கோட்டை புனித மேரி தேவாலயத்தில் சுவார்ட்ஸுக்கு வேறொரு பளிங்குச் சின்னம் வைத்தது உண்மைதான். ஆனால் தஞ்சையில் இருப்பது சரபோஜி லண்டனுக்கு எழுதி, தன் செலவில் செய்வித்தது. கடைசிவரை இந்துவாகவே இருந்த மராட்டிய மன்னர், தன்னை வளர்த்தவருக்கு வைத்த சின்னம். அப்படிப் பார்த்தால் சரசுவதி மகால் நூலகத்தைப் போல இதுவும் சரபோஜியின் கணக்கில்தான் வர வேண்டும்.

அடுத்த முறை தஞ்சை பற்றி எழுதும்போது இதன் படம் ஒன்றை முழுப் பக்கத்தில் போடுங்கள். தபால்தலை அளவில் போட்டால் முகங்கள் தெரியாது.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகர்