பெட்ரோல் போட்ட பத்தாவது நிமிடம்

கோவை,
ஞாயிறு இரவு

அன்புள்ள ராஜு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் தங்கச்சியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பொங்கலுக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதாததற்கு வேலை, வெயில் என்று எதைச் சொன்னாலும் நீ நம்பப் போவதில்லை. ஆகவே உண்மையையே எழுதிவிடுகிறேன்: வெட்கம். இந்த வயதில் புது வண்டி வாங்கினால் அது உனக்கு வேலை செய்யாது, நீதான் அதற்கு வேலை செய்வாய் என்று நீ சொன்னதும், டீசல் புகையில் மூளை கறுத்தவன் பேச்சை யார் கேட்பார்கள் என்று நான் ஏசியதும் உனக்கு மறந்திருக்காது. வண்டி வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது; அதற்குள் சர்வீஸ் சென்டர் காவலாளி என்னைப் பெயர் சொல்லி வரவேற்கிறார்.

முதல் தடவை நின்றது லாலி ரோடு சிக்னலில். சிவப்பு விளக்குக்குக் கிளட்சை மிதித்து நின்றேன். சூடான இன்ஜின் நிமிடத்துக்கு 750 சுற்றில் ஓட வேண்டியது, முள் 500க்கு இறங்கியது. மழையில் நனைந்த கோழிபோல வண்டி முழுவதும் ஒருமுறை நடுங்கி, ஓசையில்லாமல் அணைந்துவிட்டது. சாவியைத் திருப்பினால் உடனே பிடிக்கவில்லை. ஆக்சிலரேட்டரை அழுத்திக்கொண்டே நீளமாகச் சுழற்றியபோது, பெட்ரோல் வாடையோடு எழுந்தது. கிளட்சைச் சரியாக மிதிக்கவில்லை போலும் என்று அன்று என்னையே நொந்துகொண்டேன். என் மனைவியும் அதை மறுக்கவில்லை.

இரண்டாவது தடவைக்குப் பிறகு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். ஸ்கேனரை மாட்டிப் பார்த்து, கோளாறு எண் எதுவும் பதிவாகவில்லை, வண்டியில் ஒன்றுமில்லை என்றார்கள். அடுத்த முறை பேட்டரி முனையைக் கழற்றி மாட்டி அனுப்பினார்கள். அதற்கடுத்த முறை, இன்ஜினுக்குள் காற்றை அளந்து விடும் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்து பணமும் வாங்கினார்கள். 4,000 கிலோமீட்டர்கூட ஓடாத வண்டியின் த்ராட்டிலில் என்ன கரி படிந்திருக்கும் என்று நான் கேட்டதற்கு, எதற்கும் செய்துவிடுவது நல்லது சார் என்பதுதான் பதில். பேட்டரியைக் கழற்றியதில் நடந்தது என்ன தெரியுமா? ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, எத்தனை சுற்று வேண்டும் என்று இன்ஜின் கணினி அதுவரை கற்று வைத்திருந்த கணக்கெல்லாம் அழிந்து, இரண்டு நாள் 1,100 சுற்றில் இரைந்துகொண்டிருந்தது. பல கோளாறுகளை இந்தக் கணினி முதல் தடவையிலேயே விளக்குப் போட்டுக் காட்டுவதில்லை. அடுத்த ஓட்டத்திலும் அது தென்பட வேண்டும் என்று காத்திருக்கும். அப்படிக் காத்திருந்த பதிவு ஏதாவது இருந்திருந்தால், அதையும் அவர்களே துடைத்தெறிந்துவிட்டு, பதிவு ஒன்றுமில்லை என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

நான்காவது முறை பழி எத்தனால் மீது விழுந்தது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்றார் அங்கிருந்த இளைஞர். எத்தனாலின் மீது எனக்கும் பெரிய பிரியம் இல்லைதான், மைலேஜ் குறைவதைக் கண்ணால் பார்க்கிறேன். ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறதே. சுத்தப் பெட்ரோல் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். இந்தக் கலவைக்கு ஏறத்தாழ 13.5 போதும். அந்த வேறுபாட்டை உணர்ந்து திருத்திக்கொள்ளத்தான் புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது, வண்டியும் அந்தக் கலவைக்கென்றே வந்தது. எத்தனால் குற்றவாளி என்றால் எல்லா நாளும் அல்லவா தொல்லை தர வேண்டும்? இதுவோ நினைத்த நாளில் நடுங்கியது, மற்ற நாளில் தாலாட்டியது.

இதுவரை சிரித்துக்கொண்டு எழுதினேன். இனி எழுதுவதைச் சிரிக்காமல் படி. சித்திரையில் குன்னூர் போய்த் திரும்பினோம். பேரன் பின்னிருக்கையில் அவன் பாட்டி மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். குன்னூரிலேயே பெட்ரோல் நிரப்பிக்கொண்டு இறங்கினேன். பர்லியாருக்கு மேலே ஒரு வளைவில் எதிரே பேருந்து வர, ஒதுங்கி வழிவிடக் கிளட்சை மிதித்த அந்த நொடியில் இன்ஜின் அணைந்தது. ஸ்டீயரிங் கல்லாய்க் கனத்தது. இன்ஜின் அணைந்தாலும், பிரேக்குக்குத் துணை செய்யும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத் தாங்கும் என்பது பாலிடெக்னிக்கில் நாம் படித்ததுதான். அந்த இடத்தில் அது பாடமாக நினைவுக்கு வரவில்லை. நடுக்கமாகத்தான் வந்தது. முதல் மிதியிலேயே, காலை எடுக்காமல் அழுத்தி, கைப்பிரேக்கையும் இழுத்து நிறுத்திவிட்டேன். பேரன் விழிக்கவில்லை. இவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வீடு வரும்வரை பேசவில்லை. இனி இந்த வண்டியின் கோளாறை நானே கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று அன்று முடிவு செய்தேன்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே பதினாறு முனை கொண்ட செருகு ஒன்று இருக்கிறது. அதில் மாட்டும் தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்றை வாங்கினேன். இன்ஜின் கணினிக்குத் தெரிந்ததையெல்லாம் அது போனில் காட்டும். அதில் நான் பார்க்க விரும்பியது ஃப்யூல் ட்ரிம் என்ற எண். கூட்டல் குறி காட்டினால் காற்று மிகுந்துவிட்டது, கணினி பெட்ரோலைக் கூட்டித் தருகிறது என்று பொருள்; கழித்தல் குறி காட்டினால் பெட்ரோல் மிகுந்துவிட்டது, அதைக் குறைக்கிறது என்று பொருள். பூச்சியத்துக்கு இருபுறமும் ஐந்து, மிஞ்சினால் பத்து சதவீதத்துக்குள் ஆடினால் வண்டிக்கு நோயில்லை எனலாம். என் வண்டி ஐட்லிங்கில் கூட்டல் 18 காட்டியது. ஆக்சிலரேட்டரை 2,500 சுற்றுக்கு அழுத்தினால் அதுவே 3 ஆகியது.

இதைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. எங்கோ காற்று கசிகிறது! நம் வண்டியில் காற்றை அளக்கும் சென்சார் வடிகட்டியை ஒட்டியே இருக்கிறது. அதைத் தாண்டி நுழையும் காற்று கணக்கில் வராது. ஐட்லிங்கில் இன்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம்தான் என்பதால் திருட்டுக் காற்று பெரிதாகத் தெரிகிறது. வேகத்தில் அது கரைந்துவிடுகிறது. ஒரு டம்ளர் மோரில் கரிக்கும் உப்பு அண்டா மோரில் தெரியாது அல்லவா? இன்ஜினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் மேனிஃபோல்டின் கேஸ்கட், பிரேக் பூஸ்டர் குழாய், கிராங்கேஸ் ஆவிக்குழாய் என்று ஒவ்வொன்றாகத் தடவினேன். நம் தெருமுனை மெக்கானிக் தம்பி, புகை செலுத்திப் பார்க்கும் கருவியைக் கொண்டுவந்து சோதித்தார். ஒரு நூலிழைப் புகைகூட வெளியே வரவில்லை.

அடுத்த வாரம் என் மகிழ்ச்சியும் போனது. பெட்ரோல் போட்டுவிட்டு வரும் வழியில் வண்டி நடுங்கத் தொடங்கியது. போனைப் பார்த்தால் கழித்தல் 22. இது முன்பு கண்டதற்கு நேர் எதிர். காற்று மிகுதியென்று நேற்றுச் சொன்ன வண்டி, பெட்ரோல் மிகுதியென்று இன்று சொல்கிறது. பொய்ச்சாட்சி சொல்பவன்கூட இப்படி மாற்றிப் பேசமாட்டான் என்று கருவியைத் திட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து கணக்கு நோட்டை எடுத்தேன். நான் பெட்ரோல் கணக்கைத் தேதிவாரியாக எழுதுவதை எத்தனை முறை கேலி செய்திருப்பாய்! அந்த நோட்டுதான் கடைசியில் காப்பாற்றியது. வண்டி நின்ற ஆறு தடவையில் ஐந்து தடவை, பெட்ரோல் போட்ட அன்றே, போட்ட பத்து நிமிடத்துக்குள். லாலி ரோடும் அப்படித்தான், பர்லியாரும் அப்படித்தான்.

இந்நேரம் நீ கண்டுபிடித்திருப்பாய். டீசல்காரன் ஆகையால் கண்டுபிடிக்காமலும் இருக்கலாம். பெட்ரோல் தொட்டியின் ஆவி வெளியே போகாமல் கரித்தூள் நிரப்பிய கேனிஸ்டர் ஒன்றில் தங்கும். இன்ஜின் ஓடும்போது பர்ஜ் வால்வு என்ற சின்ன மின் வால்வு விட்டுவிட்டுத் திறந்து, அந்த ஆவியை மேனிஃபோல்டுக்குள் இழுத்து எரிக்கவிடும். அந்த வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டால், ஆவி நிறைந்த நாளில் கட்டுக்கடங்காத பெட்ரோல் உள்ளே போகும், ஆவி தீர்ந்த நாளில் அதே வழியில் வெறும் காற்று போகும். ஒரே ஓட்டைதான் இரண்டு சாட்சியும் சொல்லியிருக்கிறது. புகை விட்டுப் பார்த்த அன்று மட்டும் அது நல்ல பிள்ளையாய் மூடியிருந்தது போலும்.

இன்ஜினை ஐட்லிங்கில் ஓடவிட்டு, வால்வில் கேனிஸ்டர் பக்கத்துக் குழாயைக் கழற்றி, வாயைக் கட்டை விரலால் மூடினேன். விரலைப் பிடித்து இழுத்தது. மின் இணைப்பைக் கழற்றினேன். மின்சாரம் இல்லாதபோது இறுக மூடியிருக்க வேண்டிய வால்வு அது. அப்போதும் இழுத்தது. விரலை அழுத்தி அடைத்ததும் இன்ஜின் மூச்சு சீராகி 750இல் நின்றது, விட்டதும் நடுங்கியது. ராஜு, அடைப்பதும் விடுவதுமாகச் சிறுபிள்ளைபோல எத்தனை முறை செய்தேனோ தெரியாது. பிரின்சிபாலின் அம்பாசிடரை நீ ஸ்குரூடிரைவரும் காதுமாகக் குனிந்து ‘முக்கால் சுற்று’ திருகி அடங்க வைத்த அந்த மாலைக்குப் பிறகு, ஓர் இன்ஜின் என் கைக்குப் பணிந்தது இதுதான் முதல் முறை. வால்வைக் கழற்றி வெள்ளைத் தாளில் தட்டினேன். மிளகுப்பொடிபோல நான்கைந்து கரித்துகள்கள் விழுந்தன. கேனிஸ்டரில் இருந்து பிரிந்து வந்து வால்வின் இருக்கையில் உட்கார்ந்திருக்கின்றன.

அவை ஏன் பிரிந்தன என்பதுதான் உனக்கு மட்டும் சொல்லக்கூடிய செய்தி. பங்க்கில் குழாய் ‘டக்’கென்று நின்ற பிறகும், தொகை ரவுண்டாக வரட்டும் என்று இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போடச் சொல்லும் என் பழக்கம் உனக்குத் தெரியும். அந்த மிகைப் பெட்ரோல் ஆவிக்குழாய் வழியே ஏறிக் கேனிஸ்டரை நனைத்துவிடக்கூடும். ஆவியை மட்டுமே தாங்க வேண்டிய கரி, திரவத்தில் ஊறினால் கெடும். ஐந்து மாதத்தில் அவ்வளவு நேருமா, கரியே முதலில் இருந்து மட்டமானதா என்பதை என்னால் அறுதியிட முடியவில்லை. ஆனால் பர்லியார் வளைவை நினைக்கும்போதெல்லாம் அந்த ரவுண்டுத் தொகையும் கூடவே நினைவுக்கு வந்து உறுத்துகிறது. சர்வீஸ் சென்டரில் இதை நான் சொல்லவில்லை.

தாளையும் துகள்களையும் காட்டிய பிறகு வாரண்டியில் வால்வை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். மூன்று முறை பெட்ரோல் போட்டாயிற்று, முதல் ‘டக்’கோடு நிறுத்திக்கொண்டேன், முள் அசையவில்லை, ட்ரிம் இரண்டு மூன்றுக்கு மேல் போகவில்லை. கேனிஸ்டரை மட்டும் மாற்ற மறுக்கிறார்கள். துகள் உதிர்க்கும் கேனிஸ்டர் அப்படியே இருந்தால் புதிய வால்வும் ஒருநாள் அதே கதிக்கு வரும் என்பது என் வாதம், வால்வு நன்றாக இருக்கிறதே சார் என்பது அவர்கள் வாதம். வெள்ளிக்கிழமை மேலாளரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன். பணிமனையில் முப்பது ஆண்டு குப்பை கொட்டியவன் பக்கத்தில் நின்றால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். வியாழன் இரவு திருச்சியில் பேருந்து ஏறு. காலையில் காந்திபுரத்துக்கு இதே வண்டியில் வந்து அழைத்துக்கொள்கிறேன். பயப்படாதே.

உன்,
சிவா

பி.கு.: ரவுண்டுத் தொகை விஷயம் வேறு யார் காதுக்கும் போகவே கூடாது.