வாக்கு எண்ணிய இரவு

சார்செல் (பாரிஸ் அருகே),
3 ஜூலை 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம்தானே? ஆயாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? இங்கே எல்லோரும் சுகம். ஜூலை பிறந்தும் ஸ்வெட்டர் போடாமல் காலையில் வேலைக்குக் கிளம்ப முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிரெஞ்சு நாடாளுமன்றத் தேர்தலின் முதல் சுற்று. நீங்களும் அங்கே புதுச்சேரியில் வாக்குப் போட்டிருப்பீர்கள். நான் இந்த முறை வாக்கு எண்ணவும் உட்கார்ந்தேன். பதிவு முடிந்ததும் அதே அறையில் மேஜை போட்டு, வாக்காளர்களே எண்ணுகிறார்கள். மேஜைக்கு நாலு பேர். ஒருவர் உறையைப் பிரிக்க, அடுத்தவர் சீட்டை உரக்கப் படிக்க, மற்ற இரண்டு பேரும் தாளில் கோடு போட வேண்டும். யார் வேண்டுமானாலும் சுற்றி நின்று பார்க்கலாம். நடுவில் எங்கள் இருவர் கணக்கிலும் ஒரே ஒரு வாக்கு இடித்தது. கட்டிலிருந்த நூறு சீட்டையும் மறுபடி எண்ணினோம். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

மறுநாள் சமையலறையில் கூட வேலை பார்க்கும், ஆப்பிரிக்காவின் சாட் நாட்டு அண்ணனிடம் இதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்கள் சீட்டை இப்படி எண்ணுகிறவர்கள் எங்கள் ஊரில் எண்ணாமலே கைகொடுத்தார்கள்" என்றார்.

2021 ஏப்ரலில் அவர்கள் ஜனாதிபதி இத்ரிஸ் டெபி இறந்தார். முப்பது வருஷம் ஆண்டவர். சட்டப்படி நாடாளுமன்றத் தலைவர்தான் பொறுப்புக்கு வர வேண்டும். ஆனால் ராணுவம் நாடாளுமன்றத்தைக் கலைத்துவிட்டு, மகன் மகமத்தை உட்காரவைத்தது. இறுதிச் சடங்குக்கு பிரெஞ்சு ஜனாதிபதி மக்ரோனே நேரில் போனார். சாடின் நிலைத்தன்மையைக் குலைக்க யாரையும் பிரான்ஸ் விடாது என்று அங்கே பேசினார். ஜனநாயகம் திரும்ப வேண்டும் என்றும் சொன்னார்தான். ஆனால் தேர்தலுக்கு ராணுவம் வைத்த 18 மாதம் என்ற கெடு நீண்டது. 2022 அக்டோபர் 20 அன்று அதை எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்களைச் சுட்டார்கள். சுமார் 50 பேர் இறந்ததாக அரசே ஒத்துக்கொண்டது.

அப்புறம் 2023 ஜூலையில் பக்கத்து நாடான நைஜரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அங்கே மட்டும் பிரான்ஸ் துளியும் விட்டுக்கொடுக்கவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட பசூம்தான் ஜனாதிபதி என்றது, உதவியை நிறுத்தியது. அது சரிதான், அப்பா. ஆனால் சாடில் ஏன் இல்லை? அப்போது அங்கே பிரெஞ்சுப் படைத்தளம் இருந்தது, சாஹேல் பகுதியில் தீவிரவாதிகளுக்கு எதிரான போருக்கு சாட் வீரர்கள் தேவைப்பட்டார்கள். ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு. நைஜர் தலைநகர் நியாமேயின் தெருக்களில் ரஷ்யக் கொடியைப் பிடித்தவர்களை நான் முதலில் புரிந்துகொள்ளவில்லை. ஜனநாயகம் என்ற சொல்லையே பிரெஞ்சுக்காரன் தன் வசதிக்கு எடுக்கும் குடை என்று மக்கள் நினைத்துவிட்டால், துப்பாக்கி பிடித்தவனுக்கு வேலை சுலபம். எனக்குப் பெரிய வருத்தம் அதுதான்.

நம் இந்தியா மட்டும் என்ன என்று கேட்பீர்கள். கேளுங்கள். 2021 மார்ச்சில் மியான்மர் ராணுவ அணிவகுப்புக்கு நாமும் ஆள் அனுப்பினோம். அதே நாளில் அங்கே நூறு பேருக்கு மேல் சுட்டுக் கொன்றார்கள்.

பிரெஞ்சு ஆட்சியிலிருந்த நம் புதுச்சேரி இந்தியாவோடு சேர வாக்களித்த கீழூரைப் பற்றி அண்ணனிடம் சொன்னேன். 1948-இல் மக்களிடமே கேட்போம் என்று இந்திய, பிரெஞ்சு அரசுகள் இரண்டும் ஒப்புக்கொண்டன. வங்காளத்திலிருந்த பிரெஞ்சு ஊரான சந்திரநாகூரில் கேட்டார்கள். நம்மிடம் 1954 அக்டோபர் 18 அன்று 178 பிரதிநிதிகளை மட்டும் கேட்டார்கள். 170 பேர் இணைப்புக்கு, 8 பேர் எதிராக. எல்லோரையும் கேட்டிருந்தாலும் முடிவு அதுவாகத்தான் இருந்திருக்கும் என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் அப்படித்தான் நம்புகிறேன். ஆனாலும் வியட்நாம் வரை போய்ப் பிரெஞ்சுக் கொடிக்காகச் சண்டை போட்ட சொல்தா, பிரெஞ்சுப் படைவீரர், நம் தாத்தா. சொந்த ஊர் யாருக்கு என்று அவரைக் கேட்க ஒரு சீட்டு இல்லையே.

பிரெஞ்சு தேசிய தினமான இந்த 14 ஜூலைக்கும் தாத்தாவின் பதக்கங்களைப் போட்டுக்கொண்டு கடற்கரைச் சாலைக்குப் போவீர்கள் இல்லையா? போங்கள். நானும் இங்கே மேரியில் (நகராட்சி அலுவலகத்தில்) கொடி ஏற்றும்போது நிற்பேன். இந்த நாட்டின் மேல் எனக்குப் பிரியம் குறையவில்லை.

கீழூர்ப் பக்கம் போனால் நினைவிடத்தை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அண்ணன் பார்க்க வேண்டும் என்றார்.

அன்புடன்,
உங்கள் மகன்