படிப்பகத்து பீரோவை எடைக்குப் போடாதீர்கள்

கட்சிப் படிப்பகங்களின் சாவியைக் கையில் வைத்திருக்கும் மாவட்ட, நகர, கிளைப் பொறுப்பாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

எந்த ஊர், எந்தக் கட்சி என்று இந்த மடலில் எழுதப்போவதில்லை. எங்கள் ஊர்ப் பொறுப்பாளர்கள் இரண்டு வரி படித்ததுமே தெரிந்துகொள்வார்கள். மற்ற ஊர்களிலும் இதே வேலை நடந்திருக்கும், இல்லையென்றால் நடக்கக் காத்திருக்கும். அதனால் எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

போன மாதம் எங்கள் தெருமுனைப் படிப்பகத்தை இடித்தீர்கள். ஓடு சரிந்து, சுவர் விரிசல் விட்டு, மழை வந்தால் உள்ளே நிற்க முடியாமல் இருந்த கட்டடம். இடிக்க வேண்டியதுதான். கீழே நான்கு கடை, மாடியில் அலுவலகம் என்று திட்டம் போட்டிருப்பதும் ஊருக்கே தெரியும். கட்சி நடத்தப் பணம் வேண்டும், வாடகை வந்தால் நல்லது. அதிலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் இடிப்பதற்கு முதல் நாள் உள்ளே இருந்த இரண்டு மர பீரோக்களைத் திறந்து, இருந்த அத்தனையையும் சாக்கில் கட்டிப் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போட்டீர்களே, அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

நான் கேட்பது ஒன்றுதான். படிப்பகங்களில் மிச்சம் இருக்கும் தீர்மானப் புத்தகங்கள், வரவு செலவு நோட்டுகள், பைண்டு செய்த பழைய இதழ்கள், புகைப்படங்கள் எதையும் எடைக்குப் போடாதீர்கள். ஒரு நூலகத்திடம் ஒப்படையுங்கள்.

அந்த பீரோவில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டு வயதில் அங்கே சாயங்காலம் பேப்பர் எடுத்து அடுக்கும் வேலை எனக்குத்தான். மேல்தட்டில் வருட வாரியாகக் கட்டிய இதழ்கள், நடுத்தட்டில் புத்தகங்கள், கீழே நோட்டுகள். கீழ்த்தட்டில் பச்சைக் காலிகோ ஒட்டிய நீளமான நோட்டு ஒன்று உண்டு. அதன் முதல் பக்கத்தில் 'திருமணப் பதிவு' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும்.

1961 தை மாதம் என் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அந்தப் படிப்பகத்து வாசலில்தான் கல்யாணம். ஐயர் இல்லை, தாலி இல்லை. பந்தலுக்குக் கீழே இரண்டு மாலை, ஒரு தலைவர், நாலு பேச்சாளர்கள். 1928இல் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்துச் சுக்கிலநத்தத்தில் தொடங்கிய சுயமரியாதைத் திருமணம் ஊர் ஊராக நடந்து எங்கள் தெருவுக்கும் வந்திருந்தது. ஆனால் சட்டம் அதைக் கல்யாணம் என்று ஏற்கவில்லை. அப்படி நடந்த ஒரு திருமணம் செல்லாது என்று 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பே சொல்லியிருந்தது. ஆக, அம்மா அப்பாவின் பெண்டாட்டி என்பதற்கு இருந்த ஒரே எழுத்துச் சாட்சி அந்தப் பச்சை நோட்டுதான். மணமக்கள் பெயர், தலைமை தாங்கியவர் பெயர், சாட்சிக் கையெழுத்துகள்.

அம்மா பள்ளிக்கூடம் போனவர் இல்லை. கைநாட்டு வைத்துவிடலாம் என்றாராம் பாட்டி. படிப்பகத்தில் உறுப்பினராக இருந்த என் தாய்மாமா ஒத்துக்கொள்ளவில்லை. பத்து நாள் ராத்திரி விளக்கு வைத்து, சிலேட்டில் எழுத வைத்து, பெயரை மட்டும் பழக்கியிருக்கிறார். அம்மா தன் வாழ்நாளில் போட்ட முதல் கையெழுத்து அந்த நோட்டில்தான் இருந்தது. அதற்குப் பக்கத்தில் பாட்டியின் பெருவிரல் ரேகை, ஊதா மையில். சிறுவனாக இருந்தபோது அந்தப் பக்கத்தை எத்தனை முறை திறந்து பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை.

1967இல் சட்டமன்றம் இந்து திருமணச் சட்டத்தைத் திருத்தியது. 7ஏ என்ற பிரிவு சேர்ந்து, மறு ஆண்டு சனவரியில் நடைமுறைக்கு வந்தபோது ஏற்கெனவே நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லுபடியாயின. ஆனால் திருமணம் நடந்தது என்பதையும் யாராவது காட்ட வேண்டுமே? 1994இல் அப்பா இறந்தபோது குடும்ப ஓய்வூதியத்துக்குச் சான்று கேட்டார்கள். அன்றைய படிப்பகச் செயலாளர் அந்த நோட்டைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, என்னோடு பஸ் ஏறி வந்து, மேசைமேல் விரித்துக் காட்டினார். வேலை முடிந்ததும் திரும்ப வந்து, அதே தட்டில் வைத்துப் பூட்டினார். அவருக்கும் அப்பாவுக்கும் கட்சி விஷயத்தில் ஒத்துவராது. கட்சி இரண்டாகி, படிப்பகக் கதவில் இரண்டு பூட்டு தொங்கிய காலத்தில் ஆளுக்கொரு பக்கம் நின்றவர்கள். அப்போதுகூட இரண்டு பக்கத்தாரும் பீரோவைத் தொடவில்லை.

அந்த நோட்டைத்தான் நீங்கள் சாக்கில் போட்டிருக்கிறீர்கள்.

செய்தி தெரிந்ததும் பேப்பர் கடைக்கு ஓடினேன். பாதி ஏற்கெனவே லோடு போய்விட்டது. மிச்சக் குவியலில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து தேடினேன். கடைக்காரர் நல்ல மனிதர், காசு வாங்க மறுத்துவிட்டார். பாதி கிழிந்த சந்தா ரசீதுப் புத்தகம் ஒன்றும், 1950களின் இதழ்க்கட்டுகள் மூன்றும், அட்டை இல்லாத ஒரு தீர்மானப் புத்தகமும் கிடைத்தன. பச்சை நோட்டு இல்லை. அம்மாவுக்கு இப்போது எண்பத்துமூன்று வயது. 'நோட்டு கிடைச்சுதா' என்று தினமும் கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்று பொறுப்பாளர்களாகிய நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஒரு குடும்பத்துக் கதை என்று இதைத் தள்ளிவிடாதீர்கள். அந்த பீரோவில் ஒரு தெருவின் வரலாறே இருந்தது.

சென்னையில் 1873இல் காஸ்மாபாலிட்டன் கிளப் தொடங்கினார்கள். 1884இல் மகாஜன சபை வந்தது. அந்தக் காலத்தில் அரசியல் பேசக் கூடியவர்கள் வக்கீல்களும் மிராசுதார்களும் பட்டம் பெற்றவர்களும்தான். ஆங்கிலம் தெரிய வேண்டும், சந்தா கட்ட வசதி வேண்டும். கைத்தறிக்காரருக்கும் பீடி சுற்றுகிறவருக்கும் முடிதிருத்துகிறவருக்கும் அங்கே என்ன வேலை? அவர்களுக்கு ஒரு கூரையும் ஒரு பெஞ்சும் போட்டுக் கொடுத்தவை பின்னால் வந்த படிப்பகங்களும் மன்றங்களும் சங்கங்களும்தான். 1925இல் 'குடி அரசு' வந்தது, 1935இல் 'விடுதலை', 1937இல் 'ஜனசக்தி', 1942இல் 'திராவிட நாடு'. அதே 1942இல் திருவாரூரிலிருந்து 'முரசொலி' துண்டறிக்கையாக வெளிவந்தது. இந்த இதழ்களைத் தனித்தனியாகக் காசு கொடுத்து வாங்கக்கூடியவர்கள் தெருவுக்கு ஓரிருவர்கூட இல்லை. 1951 கணக்கெடுப்பின்போது எழுதப் படிக்கத் தெரிந்தவர்களே ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான். அதனால் ஒருவர் சத்தமாகப் படிப்பார், சுற்றி இருபது பேர் கேட்பார்கள். படிப்பகம் இல்லாத இடத்தில் அந்த வேலையைச் சலூனும் சைக்கிள் கடையும் டீக்கடையும் செய்தன.

கேட்டவர்கள் அப்புறம் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினார்கள். படித்தவர்களில் சிலர் பேசத் தொடங்கினார்கள். எங்கள் தெருவில் தறி நெய்துகொண்டிருந்த ஒருவர் படிப்பகத்து ஆண்டு விழாவில் முதல்முறை மைக் பிடித்தவர், பின்னால் நகராட்சி உறுப்பினரானார். இந்த மண்ணின் அரசியலில் எளிய மக்கள் எப்படி மேடை ஏறினார்கள் என்று ஆராய்கிறவர்களுக்கு விடை அந்தத் தீர்மானப் புத்தகங்களில்தான் இருக்கிறது. தலைவர்களின் வரலாறு நூறு புத்தகத்தில் உண்டு. நாலணா சந்தா கட்டியவரின் பெயர் அந்த நோட்டைத் தவிர வேறெங்கே இருக்கிறது?

குறையே இல்லாத இடம் என்றும் சொல்ல மாட்டேன். பெண்கள் அந்தப் படி ஏறிப் பேப்பர் படித்து நான் பார்த்ததில்லை. அம்மாவே கல்யாணத்தன்று கையெழுத்துப் போட உள்ளே போனதுதான், அதன்பிறகு போனதில்லை. பிந்தைய வருடங்களில் கேரம் போர்டுக்குக் கூடிய கூட்டத்தில் பாதிகூடப் பேப்பருக்குக் கூடவில்லை. அதுவும் வரலாறுதான். அதை எழுதவும் ஆவணம் வேண்டும்.

எனக்குக் கோபம் வருவது எங்கே தெரியுமா? நூற்றாண்டு விழா என்றால் ஊர் முழுக்கப் பிளக்ஸ் வைக்கிறீர்கள். மேடையில் ஏறுகிற ஒவ்வொருவரும் 'படித்துப் படித்து வளர்ந்த இயக்கம் இது' என்று முழங்குகிறீர்கள். அந்த மேடையிலிருந்து நூறு அடி தூரத்தில் படிப்பகம் பூட்டிக் கிடந்தது. பேப்பர் போடுகிறவருக்குப் பாக்கி நின்று, ஒவ்வொரு பத்திரிகையாக வருவது நின்றது. காலையில் வந்து உட்கார்ந்த பெரியவர்கள் எங்கே போவது என்று தெரியாமல் பஸ் நிழற்குடையில் உட்கார்ந்தார்கள். தேர்தல் நேரத்தில் மட்டும் கதவு திறந்தது, அதுவும் கொடியும் தோரணமும் அடுக்கி வைப்பதற்கு. உறுப்பினர் சேர்க்கையில் காட்டுகிற அக்கறையில் பத்தில் ஒரு பங்கை, சேர்ந்த உறுப்பினர் உட்கார்ந்து படிக்க ஓர் இடத்துக்குக் காட்டியிருந்தால் அந்த பீரோ இப்படி அனாதையாகி இருக்காது. பக்கத்துக் கேரளத்தில் 1945இல் 47 கிராம நூலகங்களைச் சேர்த்து ஒரு சங்கம் தொடங்கினார் பி.என். பணிக்கர். அவர் மறைந்த சூன் 19ஆம் நாளை அங்கே வாசிப்பு நாளாகவே கொண்டாடுகிறார்கள். 1948லேயே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மண் நம்முடையது. நாம் நம் படிப்பகங்களை என்ன செய்தோம்?

மன்னியுங்கள், சொல்ல வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். சண்டை பிடிக்க இதை எழுதவில்லை, கேட்டுக்கொள்ளத்தான் எழுதுகிறேன்.

உங்களிடம் உள்ள படிப்பகம், மன்றம், சங்கக் கட்டடம் எதுவாக இருந்தாலும், பூட்டியிருக்கும் பீரோவை ஒருமுறை திறந்து பாருங்கள். கரையான் அரித்திருந்தாலும் பரவாயில்லை, எடைக்குப் போடாதீர்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர் மற்றவர்கள் குப்பை என்று ஒதுக்கிய நூல்களையும் இதழ்களையும் துண்டு நோட்டீஸ்களையும் சேர்த்து வைத்தார். அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பை அடித்தளமாகக் கொண்டு 1994இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகம் உருவானது. தமிழ் இணையக் கல்விக்கழகம் பழைய நூல்களையும் இதழ்களையும் மின்வடிவாக்கி இணையத்தில் வைக்கிறது. இப்படிப்பட்ட இடங்களுக்கு ஒரு கடிதம் போட்டுக் கேட்டுப் பாருங்கள். அவ்வளவு தூரம் முடியாது என்றால் உங்கள் மாவட்ட மைய நூலகரிடம் போய்ப் பேசுங்கள். அதுவும் முடியாது என்றால், ஊரில் படிக்கிற பிள்ளைகள் நாலு பேரைக் கூப்பிட்டு அந்தப் பக்கங்களைக் கைப்பேசியில் படமாவது எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கட்சி ரகசியம் எதுவும் வெளியே போய்விடாது. ஐம்பது வருடத்துக்கு முந்தைய டீச் செலவும் இரங்கல் தீர்மானமும்தான் அதில் இருக்கும்.

எங்கள் ஊர்ப் பொறுப்பாளர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். இரண்டாவது பீரோவில் இருந்த சில கட்டுகளை யாரோ ஒரு தோழர் தன் வீட்டுக்கு எடுத்துப் போனதாகச் சொல்கிறார்கள். அவர் யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். தயவுசெய்து அவரிடம் கேளுங்கள். பச்சைக் காலிகோ ஒட்டிய நீள நோட்டு, முதுகில் வெள்ளை நூலால் தைத்திருக்கும், மேல்மூலையில் மை கொட்டிய கறை ஒன்று இருக்கும். நோட்டை எனக்குத் தர வேண்டாம். எந்த நூலகத்துக்குக் கொடுப்பதானாலும் அதற்கு முன்னால் ஒரு நாள் மட்டும் சொல்லி அனுப்புங்கள். அம்மாவை ஆட்டோவில் கூட்டி வருகிறேன். அந்தப் பக்கத்தை அவர் ஒருமுறை பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
அந்தப் படிப்பகத்தில் பேப்பர் அடுக்கியவன்