காரணம் எழுதறேன்னு சொன்னேனே, இதோ

சென்னிமலை
சித்திரை, ஞாயித்துக்கிழமை ராத்திரி

அன்புள்ள மாப்ளே,

தீபாவளிக்கு அப்பறம் ஒரு வரி எழுதலை, தப்புத்தான். இங்க எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. சின்னவ பிளஸ் டூ எழுதீட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கறா. தங்கச்சியையும் கொழந்தைகளையும் கேட்டதாச் சொல்லு.

நேத்து போன்ல "கம்ப்யூட்டரை ஆன் பண்ணாதே, காரணம் எழுதறேன்"னு மட்டும் சொன்னேன். உன்கிட்ட போன்ல பாதிக்கு மேல எதையும் சொல்ல முடியாது, "சரி சரி"ன்னு வெச்சுருவே. ஹாஸ்டல்லயும் அப்படித்தானே? பிராசஸர் அடியில செலோடேப்பை எந்தப் புள்ளி மேல ஒட்டணும்னு நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள ஒட்டீட்டு நின்னே. 1.8 கிகாஹெர்ட்ஸ்னு வாங்குன பென்டியம் இ2160 பிராசஸர், அதோட அடிப்படைத் துடிப்பான பஸ் 200 மெகாஹெர்ட்ஸ்ல இருந்து 266 ஆனதும் 2.4-ல ஓடுச்சே, குறிச்சதுக்கு மேல வேகத்தை ஏத்தற, அந்த ராத்திரியில பிடிச்ச ஆசை எனக்கு இன்னும் விடலை. தீபாவளிக்கு உன் வீட்டுக்கு வந்தப்ப உன் மெஷின்லயும் அதையே பண்ணிவெச்சுட்டு வந்தேன். இப்ப அதுதான் என்னைத் தூங்க விடமாட்டேங்குது.

நம்ம ரெண்டு பேர்துமே ரைசன் 5 3600 பிராசஸர், அதே பி450 மதர்போர்டு, அதே ரேம். ரேம் மேல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல வேகம் 3200, 1.35 வோல்ட்னு போட்டிருக்குது. நான் 1.45 வோல்ட் குடுத்து 3800-க்கு ஏத்தினேன். ரேம் வேகத்துல பாதியில பிராசஸருக்குள்ள இருக்கற இன்ஃபினிட்டி ஃபேப்ரிக்ங்கற உள் இணைப்பு ஓடணும், அப்ப அது 1900. இந்தத் தலைமுறை பிராசஸர்ல 1800 வரைக்கும் பெரும்பாலும் ஒழுங்கா ஓடும், 1900-ன்னா நெறைய மெஷின் மக்கர் பண்ணும். அது தெரிஞ்சும் வெச்சேன். ஒரு மணி நேரம் டெஸ்ட் ஓட்டினேன், ஒரு தப்பு வரலை. ஆனா அது ஐப்பசி மழை. இப்பப் பாரு, தறிக்கூடத்துக்கு மேல தகரம் போட்ட அறையில மத்தியானம் உக்காரவே முடியலை. சூடு ஏற ஏற ரேம் தாங்கற வரம்பு கொறையும். குளிருல ஜெயிச்ச கணக்கு வெயில்ல ஜெயிக்கும்னு இருந்துட்டேன்.

பங்குனியில டிசைன் சாஃப்ட்வேர் தானா மூடிக்கிச்சு. வாரத்துக்கு ஒருக்கா மெஷின் நின்னு நீலத் திரை. ஒரு ஜிப் ஃபைல் திறக்கறப்ப சிஆர்சி எரர்னுச்சு, அதாவது உள்ள இருக்கறது கெட்டிருக்குதுன்னு. நான் ரேமைச் சந்தேகப்படவே இல்லை, ஆன் ஆனதும் மொதல்ல ஓடற புரோகிராமான பயாஸ்லதான் கோளாறு, புதுசு போட்டா தீந்துரும்னு முடிவு பண்ணி பென் டிரைவைச் சொருகி அப்டேட்டை ஆரம்பிச்சேன். 3800-லயே மெஷின் இருக்கறப்ப.

62 விழுக்காட்டுல பட்டை நின்னுச்சு. யுபிஎஸ் இருந்துது, கரண்ட் போகலை. மவுஸ் நகரலை, கீபோர்டுல நம் லாக் லைட் மாறலை. ஒண்ணேகால் மணி நேரம் அதையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். அப்பறம் ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன். ஃபேன் சுத்துச்சு, திரையில ஒண்ணும் இல்லை. பயாஸ் மாத்தறதுக்கு முன்னால எல்லாத்தையும் டிஃபால்ட்டுக்குக் கொண்டு வரணும்ங்கறது நான் உனக்கே பத்துத் தடவை சொன்ன பாடம்.

காயின் பேட்டரியைக் கழட்டினேன், மல்டிமீட்டர்ல 3.02 வோல்ட் காட்டுச்சு. சிமாஸ் கிளியர் ஜம்பரை ஷார்ட் பண்ணினேன். ஒத்தை ரேம் போட்டு, ஸ்லாட் மாத்தி, எல்லாம் பண்ணினேன். ஜம்பர் செட்டிங்கைத்தான் அழிக்கும், புரோகிராமைத் திருத்தாது. தறியில இழுவையைத் தளர்த்தலாம், இறுக்கலாம். டிசைனைச் சொல்ற ஜக்கார்டு அட்டையிலயே ஓட்டை தப்பா விழுந்திருந்தா என்ன தளர்த்தி என்ன? மெஷின் எந்திரிக்காட்டியும் பென் டிரைவை வெச்சே பயாஸை எழுதற ஃப்ளாஷ்பேக் வசதி நம்ம போர்டுல கிடையாது.

பக்கத்து ஊர்ல ஒரு கடைக்காரர் கையில கூட வாங்காம "போர்டு செத்துப்போச்சு, புதுசு வாங்குங்க"ன்னுட்டார். எனக்கு வயிறு எரிஞ்சுது. ஈரோட்டுல பன்னீர்செல்வம் பார்க் பக்கம் செல்போன் ரிப்பேர் பாக்கற ஒரு பையன்தான் லென்ஸை வெச்சு பயாஸ் இருக்கற அந்த எட்டுக்கால் சிப்பு மேல இருந்த எழுத்தைப் படிச்சான். வின்பாண்ட் 25க்யூ128. "கடைசி எழுத்தைப் பாருங்ணா"ன்னான். எஃப்வி-ன்னா 3.3 வோல்ட், எஃப்டபிள்யூ-ன்னா 1.8. நம்முது டபிள்யூ. அவன்கிட்ட இருந்த சிஎச்341ஏங்கற, சிப்புல எழுதற புரோகிராமர் 3.3 குடுக்கும், நடுவுல 1.8 வோல்ட் அடாப்டரைப் போடாம கிளிப்பை மாட்டியிருந்தா சிப்பே போயிருக்கும். மொதல்ல பழசை ரெண்டு தடவை படிச்சு, ரெண்டும் ஒண்ணுதானான்னு ஒத்துப்பாத்து எடுத்து வெச்சான். போர்டோட சீரியல் நம்பரெல்லாம் அதுலதான் இருக்குதாமா. நான் டவுன்லோட் பண்ணின ஃபைல் சிப்பை விட 2048 பைட் பெருசா இருந்துது. முன்னால இருக்கற அந்தத் தலைப்பை வெட்டி, சரியா 1,67,77,216 பைட்டுக்குக் கொண்டு வந்து எழுதினான். எழுதினதைத் திரும்பப் படிச்சுச் சரிபாத்தான். போர்டு உசிரோட எந்திரிச்சுது. அந்தப் பையனுக்கு நான் எவ்வளவு குடுத்தாலும் தகும், மாப்ளே.

இதோட முடிஞ்சிருந்தா உனக்குச் சிரிச்சுட்டே எழுதியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து, திரும்ப அதே 3800-ஐ வெச்சு, ரேமைச் சோதிக்கற மெம்டெஸ்ட்86-ஐ மத்தியானத்துல ஓட்டினேன். ரெண்டாவது சுத்துலயே செவப்புச் செவப்பா வந்துச்சு. 3200-ல ராத்திரி பகல் ஓட்டினேன், ஒண்ணுகூட இல்லை. அப்பத்தான் வயித்துல கல்லு விழுந்துது. தீபாவளியில இருந்து இந்த மெஷின்ல நான் காப்பி பண்ணினது, ஜிப் பண்ணினது அத்தனையும் இந்த ரேம் வழியாத்தானே போச்சு? சர்வர்ல போடற இசிசி ரேம்னா ஒரு பிட் தப்பினா தானே திருத்திக்கும். நம்மளோடதுல அது கிடையாது. தப்பைச் சரின்னே டிஸ்க்குல எழுதி வெச்சுரும், ஒரு வார்த்தை சொல்லாது.

அப்பா கிராஃப் தாள்ல போட்ட போர்வை டிசைன் எல்லாம் ஸ்கேன் பண்ணி வெச்சிருந்தேன்ல, மார்கழியில அதைப் பெரிய டிஸ்க்குக்கு மாத்தீட்டுப் பழசை அழிச்சுட்டேன். ஒவ்வொண்ணாத் திறந்து பாத்தேன். பதினோரு படம் போச்சு. அன்னப்பட்சி பார்டர் ஞாபகம் இருக்குதா, கல்யாணத்துக்கு உனக்கு நெய்ஞ்சு குடுத்த போர்வை? அதுல பறவையோட கழுத்து வரைக்கும் அப்பாவோட பென்சில் கோடு அப்படியே இருக்குது. அதுக்குக் கீழ எல்லாம் பக்கவாட்டுல நகந்து, சாம்பல் பட்டையாக் கெடக்குது. அந்தத் தாளைக் கரையான் தின்னு நாலு வருசமாச்சு.

உன் மெஷின்ல கம்பெனிக் கணக்கு இருக்குது, கொழந்தைக போட்டோ இருக்குது. அதனால ஆன் பண்ணாமயே மொதல்ல பவர் கார்டைப் புடுங்கு. காயின் பேட்டரியைக் கழட்டி, பக்கத்துல சிஎல்ஆர் சிமாஸ்னு எழுதியிருக்கற ரெண்டு ஊசியையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால பத்து செகண்ட் சேத்துத் தொடு. பேட்டரியைத் திரும்ப மாட்டு. அப்பறம் ஆன் பண்ணினா ஒரு நிமிசம் கூடத் திரை கருப்பாவே இருக்கும், ரேமை அது புதுசாப் பழகுது. உன் அவசரத்துல ஸ்விட்சை அமுத்தீராதே. தேதியைச் சரி பண்ணு. 3200 கூட இப்ப வேண்டாம், அது தானா எடுத்துக்கற வேகத்துலயே கெடக்கட்டும். பயாஸ் அப்டேட் பக்கமே போகாதே. வர்ற ஞாயித்துக்கிழமை மெம்டெஸ்ட் பென் டிரைவோட நானே வர்றேன். கணக்கு ஃபைலை உக்காந்து சேந்து பாப்போம். ஏதாவது கெட்டிருந்தா நான்தான் காரணம், உன் ஆடிட்டர்கிட்டயும் நானே வந்து சொல்றேன்.

இன்னொண்ணு. ரெண்டாயிரத்து இருபத்தொண்ணுல, லாக்டவுன்ல, அப்பா டிசைன் மொத்தமும் ஒரு கருப்பு ஹார்ட் டிஸ்க்குல போட்டு "உன்கிட்ட ஒண்ணு இருக்கட்டும்"னு குடுத்தேன். அது இருக்குதா? இருந்தா எதுலயும் சொருகிப் பாக்காதே, உன் மெஷின்ல சுத்தமா வேண்டாம். துணியில சுத்திப் பீரோவுல வெய்யி. வந்து வாங்கிக்கறேன்.

உன் மச்சான்